கறண்ட் யாருடைய பெயரில்

சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளி, கை தேடிய இடத்தில் இருந்த சுவிச்சைப் போட்டேன். லைட் எரிந்தது. வேறு யாராவது என்றால் பெட்டிகளை உள்ளே இழுத்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் கேத்தலைத் தேடியிருப்பார்கள். நான் சுவிச்சை அணைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். இந்த வீட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்று நான் யாரிடமும் விண்ணப்பிக்கவில்லை. எந்தப் படிவத்திலும் ஒப்பமிடவில்லை. ஒருவரும் வந்து வயரிங்கைப் பார்க்கவில்லை. அப்படியென்றால் இப்போது எரிந்தது யாருடைய கறண்ட்?

மெல்பேர்னின் தென்கிழக்கில், பஸ் மட்டும் வந்து திரும்பிப் போகிற, ரயில் பாதை எட்டியும் பார்க்காத ஒரு புறநகரில் இரண்டு அறை வீடு அது. வாடகைக்கு எடுத்தவன் நான். அதற்கு முன் கொழும்பில் ஒரு மின்சாரக் கந்தோரின் பாவனையாளர் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தேன். புதிய இணைப்பு, பெயர் மாற்றம், தற்காலிகத் துண்டிப்பு, நிரந்தரத் துண்டிப்பு என்று எதற்கு எந்தப் படிவம், எத்தனை பிரதி, எந்த மேசை என்பதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படி எழுப்பிக் கேட்க ஒருவரும் இல்லை என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிய வந்தது. ஒப்பந்தம் இல்லாமல் எரியும் விளக்குக்கு எங்கள் கந்தோரில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அது களவு. அந்தப் பெயரை எழுதிப் பலருடைய கோப்புகளில் நானே ஒப்பமிட்டிருக்கிறேன். ஆகவே வெளிச்சுவரில் இருந்த மீற்றர்ப் பெட்டியைத் திறந்து மெயின் சுவிச்சைக் கீழே தள்ளிவிட்டு, குளிர்கோட்டைக் கழற்றாமல் கதிரையில் போய் இருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம். மின்சாரக் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தபோது, திங்கட்கிழமை பொது விடுமுறை, செவ்வாய்க்கிழமை எடுங்கள் என்று பதிவுசெய்த குரலொன்று மகிழ்ச்சியாகச் சொன்னது. மகன் சுரேன் முதலே சொன்னான், "அப்பா, உது அஞ்சு நிமிச வேலை. நான் போனில செய்துவிடுறன்." "தம்பி, அஞ்சு நிமிசத்தில வாற கறண்ட் அஞ்சு நிமிசத்தில போயிடும்" என்றேன். அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். என்னுடன் நடைமுறை பற்றி வாதாடக்கூடாது என்பதைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட பிள்ளை.

ஜூன் மாதம் இங்கே குளிர்காலம். பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது மங்கிவிடும். பாணும் வாழைப்பழமும் ஒரு ரோச் லைட்டுமாக மூன்று நாட்கள் போயின. இரண்டாம் நாள், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான கிரேக்கர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, கறண்ட் போய்விட்டதா என்று கேட்டார். இல்லை, இருக்கிறது, பாவிக்கும் உரிமைதான் இன்னும் வரவில்லை என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு உள்ளே போய்ச் செம்மஞ்சள் நிறத்தில் நீண்ட வயர் ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்தார். தன் வீட்டுப் பிளக்கிலிருந்து எனக்கு இழுத்துத் தரவாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வீட்டு மீற்றரிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வயர் இழுப்பது எங்கள் கந்தோரில் எத்தனையாவது குற்றம் என்று அந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வது? எனக்குக் குளிர் பிடிக்கும் என்றேன். "நோ வொரீஸ்" என்று வயரைத் திரும்பச் சுருட்டினார். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் கவுண்டரை விட்டுக் கவலையில்லாமல் போன ஒருவரையும் நான் கண்டதில்லை.

கொழும்பில் காலை ஏழரை மணி என்றால் இங்கே மதியம் பன்னிரண்டு. தினமும் அந்த நேரத்தில் தெரேசா வீடியோவில் வருவாள். தெரேசா என் மனைவி. நான் முதலில் வந்து வீடு பார்ப்பது, பிறகு அவள் வருவது என்று ஏற்பாடு. அந்த மூன்று நாட்களும் டப்லெட்டை மகன் வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுவந்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

"என்னப்பா, வெளியிலயா நிக்கிறீங்க?" என்றாள்.

"உள்ளதான்."

"பிறகென்ன தொப்பி?"

சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். படம் ஆடியது, எங்கள் குசினிச் சுவரும் அடுப்பும் வந்து போயின. "அப்ப கறண்ட் இருக்கு. ஆனா போடமாட்டீங்க."

"என்ர பேரில இல்லை, தெரேசா."

சிரிப்பு நின்றது. "வெள்ளவத்தையில முப்பத்தொரு வருசம் ஆரின்ர பேரில போட்டனீங்க?"

தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் குணநாயகம் எங்களுக்குச் சாவியைக் கொடுத்த அதே மாதத்தில் லண்டனுக்குப் போனவர். பிறகு திரும்பி வரவேயில்லை. மீற்றர் அவருடைய பெயரில் இருந்தது, பில்லும் அவருடைய பெயரிலேயே வந்தது. வெள்ளவத்தையில் இது புதுமையல்ல. அங்கே பில்களில் உள்ள பெயர்களை வரிசையாக வாசித்தால் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பார்கள், மீதிப்பேரில் சிலர் உயிரோடும் இருக்கமாட்டார்கள். கொட்டாஞ்சேனையில் தெரேசாவின் தகப்பன் வீட்டுக்கு இன்றைக்கும் பில் தகப்பனுடைய பெயரில்தான் வருகிறது. துறைமுகத்தில் வேலைசெய்த அந்த மனிதர் கல்லறைக்குப் போய் எத்தனையோ காலம். அவளுடைய தங்கை ஸ்டெல்லா மாதாமாதம் அதைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருகிறாள்.

பெயரை மாற்றுவது கடினமில்லை. வாடகைக்காரர் என்றால் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம், உறுதிப் பத்திரத்தின் பிரதி, கிராம சேவகரின் அத்தாட்சி, அடையாள அட்டை. இந்த நான்கையும் கொண்டுவந்தவர்களுக்கு நான் ஒரு நாள்கூடத் தாமதம் செய்ததில்லை. மூன்றோடு வந்தவர்களிடம் "ஹெட்ட என்ட", நாளைக்கு வாருங்கள், என்று சொல்லியிருக்கிறேன். தமிழ் ஆட்களுக்குத் தமிழிலும் அதையேதான் சொன்னேன். ஆனால் குணநாயகத்திடம் அந்தக் கடிதத்தை நான் கேட்கவேயில்லை. பில் வாடகைக்காரர் பெயருக்குப் போனால் ஆளை வீட்டிலிருந்து எழுப்புவது கஷ்டம் என்று எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பயம். கேட்டால் இல்லை என்பார். கேட்காமல் இருந்தால், இல்லை என்று யாரும் சொல்லாத வீட்டில் இருக்கலாம். "ஊருக்கெல்லாம் மீற்றர் குடுக்கிற மனுசன், வீட்டு பில்லில குணநாயகம்" என்று தெரேசா முதல் சில வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

மீற்றர் பார்க்க வரும் ஆளுக்கு நாங்கள் யாரென்று நன்றாகத் தெரியும். அவர் கேற்றடியில் நின்று, "குணநாயகம் மாத்தயா", குணநாயகம் ஐயா, என்று என்னைத்தான் கூப்பிடுவார். நானும் "ஓம், வாறன்" என்று இறங்கிப் போவேன். உப்புக்காற்றில் துருப்பிடித்த பெட்டிக் கதவு லேசில் திறக்காது. இரண்டு பேருமாக இழுத்துத் திறப்போம். அவர் இலக்கத்தை அட்டையில் குறித்துவிட்டு, கந்தோரில் யாருக்கு எங்கே மாற்றம், யார் யாரோடு கோபம் என்று எல்லாம் சொல்லுவார். அந்தப் பெயரால் கூப்பிட்டபோது எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. இன்று இந்த வீட்டில் மீற்றர் தானாகவே தன் கணக்கை எங்கோ அனுப்பிவிடுகிறது. பார்க்க யாரும் வருவதில்லை. கேற்றடியில் நின்று யாராவது ஒருவர், எந்தப் பெயரைச் சொல்லியாவது, என்னைக் கூப்பிட்டால் நல்லது என்று தோன்றுகிற நாட்கள் உண்டு.

அந்தப் பெயரால் ஒருமுறை வீட்டுக்குள் பயமும் வந்தது. வெள்ளவத்தையில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் பதிந்துகொண்டிருந்த யுத்த காலம். ஒரு காலையில் பதிவுப் புத்தகத்தோடு இரண்டு பேர் படியேறி வந்தார்கள். விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். மின்சார பில்லை நீட்டினேன். மூத்தவர் என் அடையாள அட்டையையும் பில்லையும் மாறி மாறிப் பார்த்தார். "மே கவுத?" இது யார் என்று குணநாயகத்தின் பெயரில் விரலை வைத்தார். நான் என் கந்தோர்ச் சிங்களத்தில், பாவனையாளருக்கும் குடியிருப்பாளருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ஆரம்பித்தேன். ஒழுங்குவிதிகளை எடுத்துச் சொன்னால் எவரும் கேட்பார் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் கையை உயர்த்தினார். "மாத்தயா நெமெயி. நோனா கியன்ட." நான் சொல்லவேண்டாம், வீட்டு அம்மா சொல்லட்டும் என்றார். பிறகு தெரேசாவைப் பார்த்து, நீங்கள் இந்த வீட்டிலா இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்குச் சிங்களம் தெருவிலேயே பழகி வந்தது. சுரேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பில் இருந்ததைக் கிண்டியபடியே சிங்களத்தில் சொன்னாள். "இங்கதான் இருக்கிறம், மாத்தயா. பில்லில இருக்கிறவரைப் பாக்க வேணுமெண்டா நீங்க லண்டனுக்குப் போகவேணும். எங்களைப் பாக்கத்தான் வந்தீங்க எண்டா இருங்க, தேத்தண்ணி போடுறன்."

இளையவர் முதலில் சிரித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை, ஆனால் எழுதினார். தேநீர் குடிக்காமலே இறங்கிப் போனார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள்.

இப்போது குணநாயகமும் உயிரோடு இல்லை. அவருடைய பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். இடித்துவிட்டு மாடிக்கட்டடம் எழுப்பப் போகிறார்கள், வருட முடிவுக்குள் வெளியேற வேண்டும். தெரேசாவுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று மெல்பேர்ன். மற்றது கொட்டாஞ்சேனை. ஸ்டெல்லா முன்னறையைச் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தாள், கோவில் மணி கேட்கிற அறை. போன வருடம் மெல்பேர்னுக்கு வந்து மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனபோதே சொல்லிவிட்டாள், "அது சுரேன்ர வீடு. அங்க நான் வந்த ஆள். தேத்தண்ணிக் கோப்பை எடுக்கவும் கேட்டுத்தான் எடுக்கவேணும்." அதனால்தான் இந்த இரண்டு அறை வீட்டை நான் தேடிப்பிடித்தேன். பிடித்த பிறகு அவள் புது நிபந்தனை ஒன்று போட்டாள்.

"முதல்ல உங்கட பேரில ஒரு பில் வரட்டும். வந்தா யோசிப்பம்."

இந்த வகை நிபந்தனை எனக்குப் பழக்கம். ஒருவருக்கு மின்சாரம் கொடுக்க விருப்பமில்லை, இல்லை என்று சொல்லவும் காரணம் இல்லை என்றால், இன்னும் ஒரு பத்திரம் கொண்டுவாருங்கள் என்போம். எத்தனை பேரை நான் அப்படி அனுப்பியிருப்பேன். இப்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள், இந்தப் பக்கம் நான். பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே ரெலிபோனில் காத்திருந்தேன். மெலிசா என்றொரு பெண் எடுத்தாள். வாடகை ஒப்பந்தத்தின் சான்றுப்படுத்திய பிரதிகள் மூன்று தயாராக இருக்கின்றன, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்துக்கு முகவரிடம் எழுதியிருக்கிறேன் என்று தொடங்கினேன். அதெல்லாம் தேவையில்லை, பெயரும் பிறந்த திகதியும் போதும் என்றாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மீற்றர் இலக்கம் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பத்து இலக்கங்களை ஒப்புவித்தேன். எங்கள் இலக்கம் அப்படித் தொடங்காதே என்றாள். குணநாயகத்தின் கணக்கு இலக்கத்தைச் சொல்லியிருந்தேன். வெளியே போய்ப் பெட்டியைப் பார்த்துச் சரியானதை வாசித்தேன்.

மின்சாரம் எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். இப்போது வீட்டில் இல்லையா என்றாள். இருக்கிறது, நான்தான் அணைத்து வைத்திருக்கிறேன் என்றேன். ஏன் என்றாள். உங்களோடு எனக்கு ஒப்பந்தம் இல்லையே என்றேன். சாவி கைக்கு வந்த நாளிலிருந்தே நீங்கள்தான் பொறுப்பு, அன்றிலிருந்தே பாவித்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, "உங்களுக்குக் குளிரவில்லையா?" என்று கேட்டாள். என் உத்தியோகத்தில் ஒரு பாவனையாளரிடம் நான் அப்படி ஒன்றைக் கேட்டதாக ஞாபகமில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. சட்டப்படி எல்லோரிடமும் கேட்கவேண்டுமாம். மின்சாரத்தில் இயங்கும் கருவி ஒன்றை நம்பி உயிர் வாழ்பவர் யாராவது இந்த வீட்டில் இருக்கிறாரா? மேசையில் இருந்த டப்லெட்டைப் பார்த்தேன். இல்லை என்றேன்.

பத்து நாளில், முதல் பில்லுக்கு முன்னோடியாக, கணக்குக் கடிதம் வந்தது. உறையிலும் உள்ளேயும் என் முழுப்பெயர், ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. முப்பத்துநான்கு வருடம் மற்றவர்களின் பெயரைப் பில்லில் ஏற்றிய எனக்கு என் பெயரை அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு முறை வாசித்தேன். சந்தோசம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதே காகிதம் அந்தத் துருப்பிடித்த பெட்டிக்குக் கீழே, வெள்ளவத்தை விலாசத்தோடு வந்திருந்தால் என்ற நினைப்புத்தான் வந்தது. படம் எடுத்துத் தெரேசாவுக்கு அனுப்பினேன். பத்திரம் இலக்கம் ஒன்று, சமர்ப்பித்தாயிற்று.

மதியம் அவள் வீடியோவில் வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்திருப்பாள் போலிருந்தது.

"எல்லாம் சரி. என்ர பேர் எங்க?"

"என்ர பேரில பில் வரட்டும் எண்டுதானே சொன்னீர்."

"முப்பத்தொரு வருசம் குணநாயகத்தின்ர வீட்டில இருந்தன். ஆறு மாசம் சுரேன்ர வீட்டில இருந்தன். இனி உங்கட வீட்டிலயும் வந்து இருக்கச் சொல்றீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, எழும்பிப்போய்க் கேத்தலை வைத்தாள். அது நாளைக் கடத்துவதற்குக் கேட்கும் இன்னொரு பத்திரம் அல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் நாளிலிருந்தே அவள் கேட்டது தன் பெயரும் இருக்கிற ஒரு வீட்டைத்தான். நான்தான் படிவத்தில் பிழையான கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவள் வரும் நேரம் பார்த்துக் கொம்பனிக்கு எடுத்தேன். இம்முறை வேறொரு பெண். கணக்கில் இன்னொரு பெயரைச் சேர்க்கலாம், ஆனால் அவரோடு நேரடியாகக் கதைக்கவேண்டும் என்றாள். இந்த இடத்தில் நடைமுறை எனக்குப் பிடித்திருந்தது. ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டு, டப்லெட்டுக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தேன். குசினி மேசையில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. திரையில் தெரேசா வெள்ளவத்தைக் குசினி யன்னலோரம் நின்றாள். சந்திப்பு ஒன்றுக்குப் போகிறவள் போலத் தலை வாரி, நல்ல சட்டை போட்டிருந்தாள்.

கொம்பனிப் பெண் பெயர் கேட்டாள், தெரேசா சொன்னாள். பிறந்த திகதி கேட்டாள், சொன்னாள். பிறகு அந்தப் பெண், இந்த முகவரியில்தான் வசிக்கிறீர்களா என்று கேட்டாள்.

தெரேசா என்னைப் பார்த்தாள். எனக்கு வாய் தானாகத் திறந்தது. உண்மையில் அடுத்த மாதமளவில் வரக்கூடும், வீசா இருக்கிறது, என்று தொடங்கினேன். "சேர், அவர்தான் சொல்லவேண்டும்" என்றாள் அந்தப் பெண், மரியாதையாகத்தான். வாயை மூடிக்கொண்டேன். பொய்யான பிரகடனம் செய்பவருக்கு என்ன நடக்கும் என்று ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் அச்சடித்து வைத்திருந்த கந்தோரிலிருந்து வந்தவன் நான். தெரேசாவும் அதை அறிவாள். அவள் யன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஓம்" என்றாள். அது அந்தப் பெண்ணுக்கு விளங்காதே என்று நினைவு வந்து, "யெஸ். ஐ லிவ் தெயர்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்புக் கோட்டைப் பக்கம் போகும் காலை ரயில் கடற்கரையால் வந்தது. முதலில் கூவல், பிறகு சக்கரங்கள், பிறகு எங்கள் குசினி யன்னல் கண்ணாடி அதிருகிற அந்தச் சத்தம். முப்பத்தொரு வருடம் அது வரும்போது பேச்சை நிறுத்திப் போனதும் தொடர்ந்திருக்கிறோம். இப்போதும் இருவரும் பேசாமல் நின்றோம். ரயில் அடுத்த ஸ்டேசனான பம்பலப்பிட்டியை நோக்கிப் போய்த் தேய்ந்தது. கொம்பனிப் பெண் காத்திருந்துவிட்டு, ரயில் பாதை உங்களுக்கு மிகவும் பக்கம் போல என்றாள்.

"யெஸ்" என்றாள் தெரேசா. "வெரி நியர்."

"நோ வொரீஸ்" என்று பெயரைச் சேர்த்துவிட்டாள்.

ரெலிபோனை வைத்த பிறகு தெரேசா திரைக்குக் கிட்ட வந்தாள். "பொய் சொல்லிப்போட்டன், என்னப்பா. பிடிப்பாங்களா?" என்றாள்.

"நான் கவுண்டரில இருந்திருந்தா பிடிச்சிருப்பன்."

"நீங்க பிடிப்பீங்கதான்" என்றாள். பிறகு, வேறு ஏதோ விஷயம் சொல்வதுபோல, "ஸ்டெல்லாவிட்ட சொல்லிட்டன், அந்த முன்னறைக்கு ஆராவது நல்ல ஆளா பாத்து வாடகைக்கு விடச் சொல்லி" என்றாள்.

புதிய கடிதம் இரண்டு பெயரோடும் வந்திருக்கிறது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அவளுடைய பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம். சாமான்களைக் கட்டுகிறாள், எதைக் கொடுப்பது எதை விடுவது என்று என்னிடம் கேட்கிறாள், நான் சொல்வதைக் கேட்காமல் செய்கிறாள். வீட்டைப் பூட்டும் நாளில் மீற்றரின் கடைசி இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டாள். நடைமுறை என்றேன்.

கதைத்து முடிந்த பிறகும் சில நாட்களாக அவள் போனை அணைப்பதில்லை. யன்னலோரத்தில் சாத்தி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள். நான் இங்கே சோற்றை வடித்துக்கொண்டு காது கொடுத்திருக்கிறேன். ரயில் வராத இந்தப் புறநகரில், ஒவ்வொரு நாளும் மதியம் பன்னிரண்டு மணி தாண்டியதும் ஒரு ரயில் என் குசினிக்குள்ளால் போகிறது. அவள் வந்து சேரும் நாளோடு அது நின்றுவிடும்.